பதினொரு பேர், பன்னிரண்டு இசைத்தட்டுகள்: பேர்ட்ஸ் குழுவைக் கேட்கத் தொடங்குபவருக்கு

தி பேர்ட்ஸ் என்னும் அமெரிக்க இசைக்குழுவின் பாடல்களைக் கைப்பேசியில் வரிசை குலைத்து ஒலிக்கவிட்டால், முதல் பாடலில் பன்னிரண்டு தந்தி மின்கிட்டார் சிறு மணிகளைக் குலுக்கினாற்போல ஒலிக்க, மூன்று குரல்கள் இழைந்து பாடும். அடுத்த பாடலில், தந்திமேல் உலோகத் துண்டை வழுக்கி வாசிக்கும் ஸ்டீல் கிட்டார் உருகிக்கொண்டிருக்க, அமெரிக்கத் தென்மாநிலக் குரல் ஒன்று சிறைவாசத்தைப் பற்றிப் புலம்பும். மூன்றாவதில் நால்வர் மேடையேறிப் பதினாறு நிமிடம் விடாமல் வாசித்துத் தள்ளுவார்கள். முதன்முறை இப்படிக் கேட்டபோது, செயலிதான் மூன்று குழுக்களின் பாடல்களை ஒரே பெயரின்கீழ்த் தவறாகக் கோத்துவிட்டது என்று நினைத்தேன். செயலியின்மேல் குற்றமில்லை. 1964இல் லாஸ் ஏஞ்சலஸில் உருவாகி 1973இன் தொடக்கத்தில் கலைந்த இந்தக் குழுவில் மொத்தம் பதினொரு பேர் உறுப்பினராக இருந்திருக்கிறார்கள். முதலிலிருந்து கடைசிவரை இருந்தவர் ஒரே ஒருவர்தான்.

ஆகவே புதிதாகக் கேட்க வருபவர் பற்றிக்கொள்ள வேண்டியது குழுவின் பெயரையன்று, பாடல் பதிவான தேதியை. தேதி தெரிந்தால் யார் வாசித்தார், யார் பாடினார், அந்த ஒலி ஏன் அப்படி இருக்கிறது என்பதெல்லாம் தாமாக விளங்கிவிடும். கீழே உள்ள படிகளை அந்த நோக்கத்தில்தான் வரிசைப்படுத்தியிருக்கிறேன். வாரத்துக்கு ஒரு படி என்று போனால் அவசரமில்லாமல் முடிக்கலாம்.

படி 1: பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்

இந்தக் குழுவில் பெயர்கள் வேண்டுமென்றே நம்மைச் சோதிப்பதுபோல அமைந்திருக்கின்றன. தொடக்ககால ஐவரில் ஜீன் கிளார்க் பாடகர், பாடலாசிரியர். மைக்கேல் கிளார்க் டிரம்ஸ் வாசித்தவர். இருவருக்கும் உறவில்லை. ஆங்கிலத்தில் கடைசி எழுத்து ஒன்றாவது வேறுபடும், தமிழில் எழுதினால் அதுவும் இல்லை. எனவே இந்தக் கட்டுரையில் பாடகரை ஜீன் என்றும் டிரம்ஸ்காரரை மைக்கேல் என்றும் குறிப்பிடுகிறேன். பின்னாளில் கிராம் பார்சன்ஸ் என்று ஒருவர் 1968இல் சில மாதங்கள் இருந்துவிட்டுப் போனார். அவர் போன சில மாதங்களில் ஜீன் பார்சன்ஸ் என்று இன்னொருவர் டிரம்ஸ் வாசிக்க வந்தார். இவர்களும் உறவினரல்லர். மேலும், குழுவின் தலைவரான மெக்குவின் பழைய உறைகளில் ஜிம் என்றும் பிற்காலத்தவற்றில் ரோஜர் என்றும் இருப்பார். சுபுத் என்னும் ஆன்மிக இயக்கத்தில் சேர்ந்திருந்த அவர் 1967இல் பெயரை மாற்றிக்கொண்டார், ஆள் ஒருவர்தான்.

முதல் ஐவரையும் வாத்தியத்தோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மெக்குவின் பன்னிரண்டு தந்தி கிட்டார், பெரும்பாலான பாடல்களின் முதற்குரல். ஜீன் கிளார்க் பாட்டு, கையில் டாம்பரின், மற்றவர்களைவிட அதிகமாகப் பாடல் எழுதியவர். டேவிட் கிராஸ்பி துணைக் கிட்டார், கூட்டுக்குரலில் மேல்வரிசை. கிறிஸ் ஹில்மன் பேஸ் கிட்டார். மைக்கேல் கிளார்க் டிரம்ஸ். இவர்களில் ஹில்மன் அதுவரை புளூகிராஸ் என்னும் அமெரிக்க நாட்டுப்புற இசைக் குழுக்களில் மாண்டலின் வாசித்துக்கொண்டிருந்தவர், பேஸை அப்போதுதான் கையில் எடுத்தார். மைக்கேலிடம் தொடக்கத்தில் டிரம்ஸே இல்லை; அட்டைப்பெட்டிகளை அடுக்கி அவற்றின்மேல் தட்டிப் பழகினார்.

படி 2: மூன்று பத்தி போட்ட குறிப்பேடு

ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்தி வரையுங்கள்: பாடல், பதிவான மாதம், வாசித்தவர்கள். வெளியான தேதியை எழுதுவதால் பயன் குறைவு; ஏனெனில் இவர்கள் ஓர் ஆல்பத்தைப் பதிவுசெய்யத் தொடங்கும்போது நான்கு பேராக இருந்து, அது கடைக்கு வருவதற்குள் இரண்டு பேராகிவிட்ட சந்தர்ப்பமும் உண்டு. உறையில் உள்ள புகைப்படத்தையும் நம்ப வேண்டாம். படத்தில் சிரிப்பவர் உள்ளே வாசிக்காமல் இருக்கலாம். உள்ளே வாசித்தவர் படத்தில் இல்லாமல் போகலாம்.

படி 3: ஒரே ஒரு பாடலை ஐந்து முறை கேளுங்கள்

அந்தப் பாடல் பாப் டிலன் எழுதிய "மிஸ்டர் டாம்பரின் மேன்". 1965 ஜனவரி 20 அன்று ஹாலிவுட்டில் உள்ள கொலம்பியா ஸ்டூடியோவில் டெர்ரி மெல்ச்சர் தயாரிப்பில் பதிவானது; ஏப்ரலில் வெளிவந்து, ஜூனில் அமெரிக்காவிலும் ஜூலையில் பிரிட்டனிலும் பாடல் தரவரிசைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. நாட்டுப்புறப் பாடலின் சொல்லும் பீட்டில்ஸின் மின்கிட்டாரும் சேர்ந்த "ஃபோக் ராக்" என்னும் வகை ஊரறிய நிலைபெற்றது இதற்குப் பிறகுதான்.

முதல்முறை பாட்டை மட்டும் கேளுங்கள். டிலனுடைய பாடலில் நான்கு சரணங்கள். இவர்கள் பாடியது ஒன்றே ஒன்று. வானொலியில் இரண்டரை நிமிடத்துக்குள் அடங்க வேண்டும் என்பது அன்றைய நிலை. இரண்டாம்முறை குரல்களைக் கேளுங்கள்: முதற்குரல் மெக்குவின், பல்லவியில் சேர்ந்துகொள்பவர்கள் கிராஸ்பியும் ஜீனும். மூன்றாம்முறை தொடக்கத்தில் வரும் கிட்டாரை மட்டும் கேளுங்கள். பீட்டில்ஸின் முதல் திரைப்படத்தில் ஜார்ஜ் ஹாரிசன் கையில் பன்னிரண்டு தந்தி ரிக்கன்பேக்கரைப் பார்த்துவிட்டுத்தான் மெக்குவின் அந்த வாத்தியத்தை வாங்கினார். சிகாகோவின் நாட்டுப்புற இசைப் பள்ளி ஒன்றில் பாஞ்சோ பயின்றவர் என்பதால், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தட்டை மீட்டியைப் பிடித்துக்கொண்டு, அடுத்த இரு விரல்களில் உலோக நகங்களை மாட்டி, தந்திகளைத் தனித்தனியாக உருட்டி வாசித்தார். ஒலிப்பதிவாளர் அதை, ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கம்ப்ரஸர் வழியாக அனுப்பியதால் ஒவ்வொரு சுரமும் சட்டென்று மங்காமல் நீண்டு நின்றது. பிற்காலத்தில் இந்த ஒலியைப் போலிசெய்த குழுக்களுக்குக் கணக்கில்லை.

நான்காம்முறை பேஸ், டிரம்ஸ், பின்னால் ஒலிக்கும் கிட்டார் மூன்றையும் கேளுங்கள். அவற்றில் ஒன்றையும் குழுவினர் வாசிக்கவில்லை. பேஸ் லாரி நெக்டெல், டிரம்ஸ் ஹால் பிளெய்ன், துணைக் கிட்டார் ஜெர்ரி கோல், மின்பியானோ லியோன் ரஸ்ஸல். நால்வரும் கூலிக்கு வாசிக்கும் ஸ்டூடியோக் கலைஞர்கள். குழு இன்னும் பக்குவப்படவில்லை என்று மெல்ச்சர் கருதியதால், ஐவரில் மெக்குவினுக்கு மட்டுமே வாத்தியம் வாசிக்க அனுமதி கிடைத்தது. அந்தச் சிங்கிளின் (பக்கத்துக்கு ஒரு பாடல் கொண்ட சிறுதட்டு) மறுபக்கப் பாடலிலும் இதே ஏற்பாடுதான். "பேர்ட்ஸ் தங்கள் தட்டுகளில் தாங்களே வாசித்ததில்லை" என்று இன்றும் சிலர் சொல்வது இந்த ஒரு நாளை வைத்துத்தான். அதே பெயரில் 1965 ஜூனில் வந்த முதல் ஆல்பத்தின் மற்றப் பாடல்களில் ஐவரும் தாங்களேதான் வாசித்தார்கள். ஐந்தாம்முறை சும்மா கேளுங்கள்.

படி 4: ஜீன் கிளார்க்கைத் தேடிக் கேளுங்கள்

முதல் ஆல்பத்தையும், அதே ஆண்டு டிசம்பரில் வந்த "டர்ன்! டர்ன்! டர்ன்!" ஆல்பத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும்போது, டிலன் பாடல்களுக்கு நடுவே ஜீனுடைய பாடல்களைத் தனியே பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். முதல் ஆல்பத்தில் அவர் தனியாக எழுதியவை மூன்று, மெக்குவினோடு சேர்ந்து எழுதியவை இரண்டு. "ஐல் ஃபீல் எ ஹோல் லாட் பெட்டர்" என்பதைத் தவறவிடாதீர்கள். பிரிந்தால் நிம்மதி என்று உறுதியாகச் சொல்ல வருபவர், நடுவே "ஒருவேளை" என்ற ஒரு சொல்லை நுழைத்து எல்லாவற்றையும் சந்தேகத்தில் விட்டுவிடுகிறார். என் கணக்கில் இந்தக் குழுவின் முதலிரண்டு ஆண்டுகளில் உயர்ந்த பாடலாசிரியர் அவர்தான். வருமானத்திலும் அது தெரிந்தது: எழுதியவருக்கான உரிமைத்தொகை அவருக்குத் தனியாக வந்ததால், மற்றவர்கள் இன்னும் கையிருப்பில்லாமல் இருந்தபோது அவர் புதுக் கார் ஓட்டினார். குழுவின் முதல் உரசல் அங்கே தொடங்கியது.

"டர்ன்! டர்ன்! டர்ன்!" பாடலுக்கான சொற்களை நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் விவிலியத்தின் சபை உரையாளர் நூலிலிருந்து எடுத்தார். 1965 டிசம்பரில் அமெரிக்கப் பட்டியலில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. அதன்பின் இந்தக் குழு முதலிடத்தைப் பார்க்கவே இல்லை.

படி 5: "எய்ட் மைல்ஸ் ஹை" பாடலின் இரண்டு பதிவுகளையும் ஒப்பிடுங்கள்

1965 நவம்பரில் பேருந்தில் ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்தபோது கிராஸ்பியிடம் ஓர் ஒலிநாடா இருந்தது. ஒரு பக்கம் ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேன், மறுபக்கம் பண்டிட் ரவிசங்கர். வேறு நாடாவே இல்லாததுபோல அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ரவிசங்கர் இவர்களுக்கு அறிமுகமான வழியும் சுவையானது: தொடக்கத்தில் இவர்கள் இரவுநேரத்தில் ஒத்திகை பார்த்த வேர்ல்ட் பசிபிக் ஸ்டூடியோவில்தான் அவருடைய பல தட்டுகளும் பதிவாகியிருந்தன.

அந்தப் பயணத்தில் விளைந்த பாடலை 1965 டிசம்பர் 22 அன்று ஆர்சிஏ நிறுவனத்தின் ஸ்டூடியோவில் பதிவுசெய்தார்கள். தங்கள் ஸ்டூடியோவில் பதிவாகாத எதையும் வெளியிடமாட்டோம் என்று கொலம்பியா சொல்லிவிட்டது. எனவே 1966 ஜனவரியில் மீண்டும் ஒருமுறை வாசித்தார்கள். மார்ச்சில் வெளிவந்தது இந்த இரண்டாம் பதிவு. முதல் பதிவு பல ஆண்டுகளுக்குப் பின்னரே வெளிவந்து, இப்போது "ஃபிஃப்த் டைமன்ஷன்" ஆல்பத்தின் 1996 மறுபதிப்பில் கூடுதல் பாடலாக இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள். கிட்டார் தொடங்கும்போது வரும் நான்கு சுரச் சொற்கட்டைக் கோல்ட்ரேனின் "இண்டியா" என்னும் பதிவிலிருந்து எடுத்ததாக மெக்குவின் சொல்லியிருக்கிறார்; அதன்பின் வரும் சிதறலான வாசிப்பு, கோல்ட்ரேனின் சாக்ஸபோனைப் பன்னிரண்டு தந்தியில் கொண்டுவரும் முயற்சி. முதல் பதிவில் அது சற்றுக் கரடுமுரடாக இருக்கும். எனக்கு அதுவே பிடிக்கும். ஆனால் இரண்டாவதன் இறுக்கத்தைக் குறைசொல்ல முடியாது.

அன்றைய பத்திரிகைகள் இதற்கும், இதன் மறுபக்கத்தில் இருந்த "ஒய்" என்ற பாடலுக்கும் "ராக ராக்" என்று பெயர் சூட்டின. கச்சேரி கேட்டுப் பழகிய செவி இதில் ஆரோகண அவரோகணம் தேடினால் ஏமாந்துபோகும். சிதார்கூட இதில் இல்லை; சிதார்போல ஒலிப்பது மெக்குவினின் கிட்டாரே. இவர்கள் எடுத்துக்கொண்டது ராகத்தையன்று, ஒரே ஆதார சுருதியில் நின்றுகொண்டு மேலே அலைந்து திரியும் அந்தச் சுதந்திரத்தை. "ஒய்" பாடலும் இரண்டு முறை பதிவானது: 1966இன் சிங்கிள் ஒன்று, அடுத்த ஆண்டு ஆல்பத்துக்காக மறுபடி வாசித்தது இன்னொன்று. குறிப்பேட்டில் தேதியை எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

விமானத்தில் லண்டனுக்குப் போனதைப் பற்றிய இந்தப் பாடலைப் பெரும்பாலும் எழுதியவர் ஜீன் கிளார்க். ஆனால் 1966இன் தொடக்கத்தில் நியூயார்க் புறப்பட்ட விமானத்தில் ஏறியவர், கிளம்புவதற்கு முன்பே அச்சத்தில் நடுங்கி இறங்கிவிட்டார், குழுவைவிட்டும் விலகினார். பறவை என்று பெயர் வைத்துக்கொண்ட குழுவில் பறக்க முடியாதவர் எப்படி இருப்பது? ஐவர் நால்வரானார்கள். இதற்கிடையே, பாடல் போதைப்பொருளைப் போற்றுகிறது என்று வானொலித் துறையின் செய்திமடல் ஒன்று எழுத, நிலையங்கள் பல அதை ஒலிபரப்பாமல் நிறுத்தின. பட்டியலில் 14ஆம் இடத்துக்குமேல் ஏறவில்லை.

1966 ஜூலையில் வந்த "ஃபிஃப்த் டைமன்ஷன்" ஆல்பத்தில் இதைத் தவிரப் பாதிப் பாடல்கள் வலிமையானவை, பாதி இட்டுநிரப்பியவை. துருக்கியக் கவிஞர் நாசிம் ஹிக்மத்தின் ஹிரோஷிமா கவிதையைப் பாடலாக்கியது அதில் உண்டு. அதைக் கேளுங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 6: ஒரு குழு உடைவதைக் காதால் கேளுங்கள்

1967 பிப்ரவரியில் வந்த "யங்கர் தேன் யெஸ்டர்டே" நால்வராக அவர்கள் செய்த சிறந்த வேலை. அதுவரை பேஸை வாசித்துவிட்டு ஓரமாக நின்ற ஹில்மன், திடீரென்று நல்ல நல்ல பாடல்களாக எழுதிக்கொண்டு வந்தார். அவருடைய "டைம் பிட்வீன்" பாடலில் வரும் கிட்டாரை அடிக்கோடிட்டு வையுங்கள். அதை வாசித்த கிளாரன்ஸ் வைட் என்பவர் அன்று விருந்தாளி. ஒன்றரை ஆண்டு கழித்து உறுப்பினர். தென்னாப்பிரிக்காவின் ஹியூ மசகேலா ஒரு பாடலுக்கு டிரம்பெட் ஊதியிருக்கிறார். கிராஸ்பி எழுதிய "எவ்ரிபடிஸ் பீன் பர்ன்ட்" இரவில் கேட்க வேண்டிய பாடல்.

அதே ஆண்டு அக்டோபரில் மெக்குவினும் ஹில்மனும் கிராஸ்பியின் வீட்டுக்குப் போய் அவரைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். ஜூனில் கலிபோர்னியாவின் மான்டெரே இசைவிழா மேடையில் பாடல்களுக்கு நடுவே கென்னடி கொலையைப் பற்றி அவர் பேசியதும், அதே விழாவில் வேறொரு குழுவோடு சேர்ந்து பாடியதும், அவர் எழுதிய "டிரையட்" பாடலை மற்றவர்கள் ஏற்காததும் எல்லாம் சேர்ந்து வந்த முடிவு இது. அடுத்த ஆல்பம் அப்போது பாதியில் நின்றது. கிராஸ்பிக்குப் பதிலாக ஜீன் கிளார்க்கை அழைத்தார்கள். மூன்று வாரத்தில் அவர் மறுபடி விலகினார். ஆண்டு முடிவதற்குள் மைக்கேலும் போய்விட்டார். இப்படிப் பிறந்த "த நொட்டோரியஸ் பேர்ட் பிரதர்ஸ்" 1968 ஜனவரியில் வெளிவந்தபோது குழுவில் எஞ்சியவர்கள் மெக்குவினும் ஹில்மனும் மட்டுமே. சில பாடல்களில் டிரம்ஸ் மைக்கேல், சிலவற்றில் ஜிம் கோர்டன், சிலவற்றில் நாம் முன்பே சந்தித்த ஹால் பிளெய்ன். உறைப்படத்தில் கல்வீட்டின் ஜன்னல்களில் மூவர் முகம் தெரியும், நான்காவது ஜன்னலில் ஒரு குதிரை. அது கிராஸ்பியைக் கேலி செய்வதற்காக என்று பலர் நம்பினார்கள், கிராஸ்பி உட்பட. தற்செயல் என்பது மெக்குவின் தரப்பு.

வேடிக்கை என்னவென்றால், இத்தனை சண்டைக்கு நடுவே உருவான தட்டு இவர்களுடைய எல்லாத் தட்டுகளிலும் அமைதியானது. பாடல்கள் ஒன்றோடொன்று இடைவெளியின்றிக் கரைந்து ஓடும். ஆகவே இதை மட்டும் தனித்தனிப் பாடலாகக் கேட்காமல் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே மூச்சில் கேளுங்கள். அரைமணி நேரம்கூட ஆகாது. பிறகு 1997 மறுபதிப்பின் கடைசிப் பாடலை ஓடவிட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள். பட்டியலில் குறிப்பிடாமல் ஒரு துண்டு ஒளிந்திருக்கிறது: "டால்ஃபின்ஸ் ஸ்மைல்" பதிவின்போது ஸ்டூடியோ மைக்கில் சிக்கிய வாக்குவாதம். மைக்கேலின் தாளம் சரியில்லை என்று மற்றவர்கள் நெருக்க, தமக்குப் பாடலே பிடிக்கவில்லை என்கிறார் அவர். எத்தனை பக்கம் படித்தாலும் விளங்காதது அந்தச் சில நிமிடத்தில் விளங்கிவிடும்.

படி 7: "ஸ்வீட்ஹார்ட் ஆஃப் த ரோடியோ" ஆல்பத்தை யார் குரலில் கேட்பது?

1968இன் தொடக்கத்தில் இரண்டு புதியவர்கள் வந்தார்கள். டிரம்ஸுக்கு ஹில்மனின் உறவுமுறைச் சகோதரர் கெவின் கெல்லி. பியானோவுக்கு என்று எடுக்கப்பட்டவர் கிராம் பார்சன்ஸ். பியானோக்காரராக வந்தவர் சில வாரங்களில் குழுவின் திசையையே மாற்றிவிட்டார். மார்ச்சில் நாஷ்வில் சென்று, லாய்ட் கிரீனின் பெடல் ஸ்டீல் கிட்டாரோடு கலப்பில்லாத கன்ட்ரி இசைப் பாடல்களைப் பதிவுசெய்தார்கள். மார்ச் 15 அன்று கன்ட்ரி இசையின் கோயில் என்று சொல்லத்தக்க கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையிலும் ஏறினார்கள். அறிவித்த பாடலை விட்டுவிட்டுப் பார்சன்ஸ் தம்முடைய "ஹிக்கரி விண்ட்" பாடலைப் பாடியது அங்குள்ளவர்களைக் கடுப்பேற்றியது. நீளமுடி இளைஞர்களை அந்த அவை ஏற்கவில்லை. ராக் ரசிகர்களோ ஆகஸ்டில் தட்டு வந்தபோது இது என்ன என்று விழித்தார்கள். பிற்காலத்தில் "கன்ட்ரி ராக்" என்று ஒரு பெருவழி உருவானபோதுதான் இதன் இடம் தெரிந்தது.

புதியவர் குழம்புவது இங்கேதான். பார்சன்ஸ் முன்பே வேறொரு நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருந்ததால் வழக்கு வரும் என்ற அச்சம் எழுந்து, அவர் பாடிய சில பாடல்களில் அவர் குரலை எடுத்துவிட்டு மற்றவர்கள் குரலை ஏற்றினார்கள். 1968இல் வெளிவந்த தட்டில் "த கிறிஸ்டியன் லைஃப்" பாடலைக் கேட்டால் மெக்குவின் வலிந்து வரவழைத்துக்கொண்ட தென்மாநில உச்சரிப்பு கேட்கும். அதே வாத்தியங்களின்மேல் பார்சன்ஸ் பாடியது 1990 பெட்டித் தொகுப்பிலும் 2003 இரட்டைத் தட்டுப் பதிப்பிலும் கிடைக்கிறது. முதலில் வெளியான வடிவத்தையே கேளுங்கள் என்பது என் ஆலோசனை. உலகம் இருபதாண்டுக்குமேல் கேட்டது அதைத்தான். பின்னர் மற்றதற்கு வாருங்கள். மெக்குவின் பாடியது ஒரு பாத்திரத்தை நடிப்பதுபோல இருக்கும். பார்சன்ஸ் பாடியது அவரே வந்து உட்கார்ந்ததுபோல இருக்கும்.

தட்டு கடைக்கு வருமுன்னே, ஜூலையில், தென்னாப்பிரிக்கப் பயணத்துக்கு வர மறுத்துப் பார்சன்ஸ் விலகினார். செப்டம்பரில் ஹில்மனும் போனார், கெல்லியும் வெளியேற்றப்பட்டார்.

படி 8: கிளாரன்ஸ் வைட்டின் குழு

இதோடு நிறுத்திவிடுபவர்கள் பலர். அது தவறு. 1968இன் நடுவில் உறுப்பினரான கிளாரன்ஸ் வைட் கடைசிவரை இருந்தார். மேடையில் இந்தக் குழு மிக நன்றாக வாசித்தது அவர் காலத்தில்தான். தொடக்ககால ஐவர் ஸ்டூடியோவில் தேவர்கள், மேடையில் சுமார்.

அவருடைய கிட்டாரில் ஒரு பொறி இருந்தது. ஜீன் பார்சன்ஸும் அவரும் சேர்ந்து உருவாக்கியது அது. தோள்பட்டை மாட்டும் குமிழை உள்ளே ஒரு நெம்புகோலோடு இணைத்திருந்தார்கள். கிட்டாரின் கழுத்தைக் கீழே அழுத்தினால் இரண்டாம் தந்தி மட்டும் இழுபட்டு முழு ஒரு சுரம் மேலேறும், விட்டால் வழுக்கி இறங்கும். இடக்கை விரல்கள் இருந்த இடத்திலேயே இருக்க, மற்றத் தந்திகள் அசையாமல் நிற்க, ஒரு தந்தி மட்டும் ஏறி இறங்குவதைக் கேட்டால் ஸ்டீல் கிட்டார் என்றே தோன்றும். வீணையில் தந்தியை இழுத்து வாசிப்பதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது உடனே பிடிபடும். "நாஷ்வில் வெஸ்ட்" என்ற சிறு வாத்தியப் பாடலை ஹெட்போனில் கேளுங்கள்.

அது இடம்பெற்ற "டாக்டர் பேர்ட்ஸ் அண்ட் மிஸ்டர் ஹைட்" (1969) சோர்வான தட்டு, ஒலிக்கலவையும் மந்தம். அப்போது பேஸ் வாசித்தவர் ஜான் யார்க். அதே நால்வரை 1969 பிப்ரவரியில் சான்பிரான்சிஸ்கோவில் பதிவுசெய்து 2000ஆம் ஆண்டில்தான் வெளியிட்ட ஃபில்மோர் அரங்கக் கச்சேரித் தட்டு அதைவிடப் பல மடங்கு மேல். "பேலட் ஆஃப் ஈஸி ரைடர்" 1969 நவம்பரில் வந்தது. அதற்குள் யார்க் போய் ஸ்கிப் பேட்டின் வந்திருந்தார். இந்த நால்வரணிதான் எல்லா அணிகளிலும் நீண்டகாலம் நிலைத்தது.

இவர்களிடமிருந்து ஒன்றே ஒன்று வாங்குவதானால் 1970 செப்டம்பரில் வந்த "அன்டைட்டில்டு" இரட்டை ஆல்பத்தை வாங்குங்கள். ஒரு தட்டு நியூயார்க் மேடைப்பதிவு, மற்றது ஸ்டூடியோ. தொடக்கத்தில் நான் சொன்ன பதினாறு நிமிடம் இங்கேதான் இருக்கிறது: ஒரு பக்கம் முழுவதும் "எய்ட் மைல்ஸ் ஹை", அதிலும் பாட்டு கடைசியில் சற்றே எட்டிப்பார்க்கும். ஸ்டூடியோத் தட்டில் உள்ள "செஸ்ட்நட் மேர்", மெக்குவினும் ஜாக் லெவியும் எழுதத் திட்டமிட்டு மேடையேறாமல் போன ஓர் இசைநாடகத்தின் மிச்சம். பிரிட்டனில் 1971இல் 19ஆம் இடம்வரை சென்றது.

அடுத்த இரண்டையும் இப்போதைக்கு ஒத்திவையுங்கள். "பேர்ட்மேனியாக்ஸ்" (1971) தட்டில் மெல்ச்சர் குழுவினரைக் கேட்காமலே வயலின்களையும் ஊதுவாத்தியங்களையும் கோரஸையும் ஏற்றிப் பாடல்களை மூழ்கடித்தார். அந்தக் கோபத்தில் லண்டனில் தாங்களே தயாரித்த "ஃபார்தர் அலாங்" அவசரத்தில் செய்தது. அதன் தலைப்புப் பாடலை மட்டும், கிளாரன்ஸ் வைட்டின் குரலுக்காக, கேட்டுவிடுங்கள். 1973 ஜூலையில் கச்சேரி முடிந்து வாத்தியங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தவரைக் குடித்துவிட்டு ஓட்டிவந்தவரின் கார் மோதிக் கொன்றது. அவருக்கு வயது 29.

படி 9: மறுசேர்க்கைத் தட்டையும் பதிப்புகளையும் பற்றி

1973 பிப்ரவரியில் மெக்குவின் குழுவைக் கலைத்தார். மார்ச்சில் தொடக்ககால ஐவரும் கூடிச் செய்த "பேர்ட்ஸ்" என்ற ஆல்பம் வெளிவந்தது, கிராஸ்பி தயாரிப்பு. பெயரும் முகங்களும் பழையவை, பன்னிரண்டு தந்தி கிட்டாரோ தேடினால்தான் கேட்கும். ஜீன் கிளார்க்கின் "ஃபுல் சர்க்கிள்" பாடலுக்காக ஒருமுறை கேட்கலாம்.

தட்டு வாங்க நினைப்பவர் 1996 முதல் 2000 வரை கொலம்பியா வெளியிட்ட மறுபதிப்புகளைத் தேடினால் போதும். கூடுதல் பாடல்கள் அவற்றில்தான் உள்ளன. செயலியில் கேட்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே கூடுதல் பாடல்களும் ஆல்பத்தின் தொடர்ச்சியாகவே ஓடும். முதலில் வெளியான பட்டியலைக் குறிப்பேட்டில் எழுதிவைத்து, கடைசிப் பாடல் முடிந்ததும் கையால் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் "நொட்டோரியஸ்" ஆல்பத்திலிருந்து ஒதுக்கிய "டிரையட்" அதிலேயே இருந்ததாக எண்ணிவிடுவீர்கள்.

படி 10: கடைசியாகத் தொடக்கத்துக்குப் போங்கள்

1964இல் வேர்ல்ட் பசிபிக் ஸ்டூடியோவில் இவர்கள் ஒத்திகைக்காகப் பதிவுசெய்தவை 1969இல் "ப்ரீஃப்ளைட்" என்ற பெயரில் வெளிவந்தன. இதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். நான் கடைசியில் வைக்கிறேன். ஒவ்வொருவர் கைவண்ணமும் தெரிந்த பிறகு கேட்டால்தான் இதில் சுவை. இதிலும் "மிஸ்டர் டாம்பரின் மேன்" இருக்கிறது, அதில் கூலிக் கலைஞர்கள் யாருமில்லை. அதை ஒருமுறை ஓடவிட்டு, உடனே 1965 ஜனவரி 20இன் பதிவை ஓடவிடுங்கள். பேஸ் எங்கே தடுமாறுகிறது, மைக்கேலின் குச்சி எந்த இடத்தில் அணிவகுப்புத் தாளத்துக்கு நழுவுகிறது, இருந்தும் மூன்று குரல்கள் பல்லவியில் சேரும்போது என்ன நடக்கிறது என்று கேளுங்கள். மெல்ச்சர் செய்தது சரியா என்பதைக் குறிப்பேட்டின் மூன்றாம் பத்தியில் உங்கள் கையால் எழுதிக்கொள்ளலாம்.